உடனிருந்தோர்

தேநீர் வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் தேவை? நான் மணிக்கூட்டைப் பார்த்து அளந்திருக்கிறேன். நான்கு நிமிடம். முதலில் நன்றி சொல்வார். பிறகு, தேநீர் மீது தனக்கு எந்த வெறுப்பும் இல்லை என்று விளக்குவார். அடுத்ததாக, எந்த விதியின் எந்த உட்பிரிவின் கீழ் மறுக்கிறார் என்பதைச் சொல்வார். கடைசியில் தோற்பையைத் திறந்து தன்னுடைய பிளாஸ்க்கை எடுத்து, அதன் மூடியிலேயே ஊற்றிக் குடிப்பார். அதற்குள் மேசையைச் சுற்றியிருந்த மற்ற எல்லோருடைய தேநீரும் ஆறிப்போயிருக்கும்.

எழுபதுகளில் மெல்பேர்னில் அந்த மனிதரும் நானும் ஒரே கந்தோரில் வேலை பார்த்தோம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றின் கட்டணங்களையும் கம்பங்களையும் குழாய்களையும் மேற்பார்வை செய்யும் ஒரு சிறிய மாநிலச் சபை அது. அவர் தொழில்நுட்பப் பரிசோதகர். நான் பதிவெழுதுநர். மூன்றாம் மாடியில் தமிழர் என்று எங்கள் இருவரைத் தவிர வேறு எவரும் இல்லை. இலங்கையில் இருந்து வந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்த தட்டச்சுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவருடைய கடிதங்கள் என் மேசைக்கும் என்னுடைய திட்டுகள் அவருக்கும் போய்ச் சேர்ந்தன.

ஆள் குள்ளம். மண்ணிறக் கோட், மண்ணிறத் தொப்பி. கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி. ஆங்கிலத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்கமாட்டார். குறுக்கே பேசினால், நீங்கள் முடிக்கும்வரை காத்திருந்து, தன் வாக்கியத்தை மறுபடியும் முதலில் இருந்து சொல்வார். அவரோடு ஒரே ரயிலில் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக நான் பல மாலைகளில் வேண்டுமென்றே ஒரு ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன். இதை இப்போது எழுத எனக்கு வெட்கமில்லை.

எங்களைப் போன்ற சபைகளைக் கண்காணிக்கும் பாராளுமன்றக் குழு ஒன்று இருந்தது. கம்பனிகள் சபை அலுவலர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் என்னென்ன கொடுக்கின்றன என்பது ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று அது பணித்தது. அந்தப் பதிவேட்டுக்குக் கோடு கீறியவன் நான். ஐந்து கட்டங்கள். நாள், இடம், வழங்கப்பட்டது என்ன, ஏற்றதா மறுத்ததா, உடனிருந்தோர் யார். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்ததைத் தாமே எழுத வேண்டும். பிறருக்குக் கிடைத்ததை எழுதுவது பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் அதில் நாற்பத்தொரு பதிவுகள் விழுந்தன. நாற்பத்தொன்றும் அவருடையவை.

ஒரு கூட்டத்தில் கம்பனி ஒன்று எல்லோருக்கும் பேனை கொடுத்தது. வரவுத்தாளில் அந்தப் பேனையால் ஒப்பமிட்ட பிறகுதான் அது கம்பனிப் பேனை என்பதைக் கவனித்தார். அதைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டு வந்து பதிவேட்டில் எழுதினார்: பேனை ஒன்று, மறுக்கப்பட்டது. மை, ஓர் ஒப்பத்துக்குப் போதுமான அளவு, ஏற்கப்பட்டது.

"அண்ணை, மையைப் போய் எழுதுறியளே?" என்றேன்.

"பேனையைத் திருப்பி அனுப்பினனான். மையை எப்பிடி அனுப்புறது, ஐசே?"

இன்னொரு முறை சுடுதண்ணீர் பற்றி அரை மணிநேரம் பேசினோம். பிளாஸ்க்கில் தேநீர் தீர்ந்துபோன ஒரு நாளில், எரிவாயுக் கம்பனியின் சமையலறைக் கேத்திலில் இருந்து சுடுதண்ணீர் வாங்கித் தன் தேயிலைப் பையை அதில் போட்டிருக்கிறார். தண்ணீர் சபையின் மேற்பார்வையில் உள்ள பொருள், அதைச் சுட வைத்த எரிவாயுவும் சபையின் மேற்பார்வையில் உள்ள பொருள், ஆகவே இது ஒரு பதிவா, இரண்டு பதிவா என்பது அவருடைய சந்தேகம். ஒன்றே போதும் என்று நான் சொன்னேன். அடுத்த நாள் பார்த்தால் இரண்டு எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி வடை சுட்டாள். திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தால், சக அலுவலர் இல்லம், உழுந்து வடை இரண்டு, ஏற்கப்பட்டது என்று இருந்தது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

"என்ன மனுசனப்பா இவர்? நான் சுட்ட வடையைக் கவுண்மேந்துப் புத்தகத்தில எழுதினவரே? அதுவும் ரெண்டாம். மூண்டெல்லோ திண்டவர்" என்றாள்.

அவளுடைய கோபத்தை அவரிடம் பகிடியாகச் சொன்னேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது. அன்று மத்தியானமே இரண்டை வெட்டி மூன்று என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார்.

என்னை மிகவும் எரிச்சலூட்டியது ஐந்தாவது கட்டம்தான். யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுவார். இதை எவராவது வாசித்தால் அவருக்குத்தான் ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணை, நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதை மட்டும் எழுதிப்போட்டு விடுங்கோவன். சபைத் தலைவர் குடிச்சவரோ இல்லையோ எண்டதெல்லாம் ஏன் உங்களுக்கு?"

"இந்தக் கட்டத்தைக் கீறினது ஆர்?"

"நான்தான்."

"நிரப்பத் தேவையில்லையெண்டால் பிறகேன் கீறினீர்?"

அதற்கு மேல் அவரோடு வாதாட முடியாது. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும். அவருடைய மார்க்கம் அவ்வளவுதான்.

இந்த மனிதரின் கையில்தான் கம்ப விவகாரம் வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் தொலைபேசி நடுவண் அரசின் கையில் இருந்தது. மின்கம்பங்கள் மாநிலத்தின் கையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில், தொலைபேசிக் கேபிள் தொங்கவிடும் ஒப்பந்தத்தைப் பெற்ற ஒரு தனியார் கம்பனி இருந்தது. புதிதாகக் கம்பம் நட்டால் காலமும் செலவும் ஆகும், ஆகவே இருக்கும் மின்கம்பங்களிலேயே கேபிளைத் தொங்கவிட எங்கள் சபை அனுமதிக்க வேண்டும் என்பது அதன் விண்ணப்பம். புறநகரங்களில் சனங்கள் தொலைபேசிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தேர்தலும் நெருங்கியது. கம்பனிக்காக அலுவலர்களைச் சந்திக்கும் தொடர்பாளர், முன்பு அமைச்சரிடம் செயலாளராக இருந்தவர். அவர் எங்கள் தலைவரை முதற்பெயர் சொல்லி அழைப்பார். "அமைச்சர் ஆவலாக இருக்கிறார்" என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தடவையாவது சொல்வார்.

எங்களுடைய மனிதர் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ரயிலில் கடைசி நிலையம்வரை போய், கிழக்கே மலையடிவாரத்து வீதிகளில் ஒவ்வொரு கம்பமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் மரக் கம்பங்கள். நிலத்துக்கு மேலே நன்றாக இருக்கும், நிலமட்டத்துக்குக் கீழே உக்கிப்போயிருக்கும். அந்த வீதிகளில் இருபுறமும் யூக்கலிப்டஸ் மரங்கள். கோடையில் கால் வைத்தால் சருகு நொறுங்கும். மின்கம்பியோடு ஒரு கம்பம் சாய்ந்தால் அந்த அடிவாரமே எரியும். கேபிளின் பாரத்தை இந்தக் கம்பங்கள் தாங்கமாட்டா, ஒவ்வொன்றையும் சோதித்த பிறகுதான் அனுமதி கொடுக்கலாம் என்று அவர் அறிக்கை எழுதினார். விண்ணப்பத்தைப் பற்றிச் சபை நடத்தும் விசாரணையில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டால் அனுமதி உடனே கிடைக்காது. கம்பனிக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

விசாரணைக்கு இரண்டு கிழமைகள் முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கம்பனித் தொடர்பாளர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார். முன்னறிவிப்பு இல்லை. என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு அவரே என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்.

"சாப்பாட்டு நேரம் வந்திட்டார். அறிக்கையைப் பற்றிக் கதைக்கேலாது எண்டு படலையிலயே சொன்னனான். சரியெண்டார். ஆனால் வெயிலுக்குள்ள வந்தவர், ஐசே. குசினியில மனிசி மீன்குழம்பு இறக்கிற மணம் வாசல்மட்டும் வருது. அந்த நேரம் வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாமப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சாப்பிட்டவரோ?"

"ரெண்டுதரம் சோறு வாங்கினவர்."

"சரி, போகட்டும். நீங்கள் அவரிட்ட ஒண்டும் வாங்கேல்லைத்தானே. பதிவேட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் ஏற்கனவே பதிவேட்டைத் திறந்துவிட்டார். "முதல் பக்கத்தில 'விருந்தோம்பல் பரிமாற்றம்' எண்டுதான் கிடக்கு. பரிமாற்றமெண்டால் ரெண்டு பக்கமும்தானே."

நான் பதிவேட்டின் மீது கையை வைத்தேன். "அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ. இதை எழுதினால் உங்களைக் கேசில இருந்து எடுத்துப்போடுவாங்கள். அறிக்கையும் போயிடும்."

"கையை எடும், ஐசே."

எடுத்தேன். எழுதினார். சோறு, மீன்குழம்பு, பயற்றங்காய், அப்பளம். அதே கட்டத்தில், வழங்கியவர் என்று தன் பெயர். அந்த நிமிடத்தில் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கம்பம் கம்பமாக அலைந்த மனிதர், அந்த அலைச்சல் முழுவதையும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காகத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நான் பயந்தபடியே நடந்தது. விசாரணை தொடங்கியதும் கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். சபையின் பரிசோதகர் வழக்கின் ஒரு தரப்போடு தனிப்பட்ட முறையில் விருந்துண்டிருக்கிறார், ஆகவே அவருடைய அறிக்கையை ஏற்கக் கூடாது என்றார். அந்த ஒரு பதிவின் பிரதியை மட்டும் அவர் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போன தொடர்பாளர் பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிக்கை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சட்டத்தரணிக்கு அது போதவில்லை.

"பதிவெழுதுநரே, இந்தப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை பதிவுகள்?"

"நாற்பத்தொன்று."

"இந்த அலுவலருடையவை எத்தனை?"

"நாற்பத்தொன்று."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சட்டத்தரணியும் சிரித்தார். "இந்தச் சபையில் கம்பனிகளோடு இவ்வளவு தொடர்பு உள்ளவர் வேறு எவரும் இல்லை என்பது தெளிவாகிறது. தயவுசெய்து எல்லாவற்றையும் வாசியுங்கள்."

மேடையில் தலைவரும் இரண்டாம் உறுப்பினரும் மூன்றாம் உறுப்பினரும் இருந்தார்கள். அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினேன்.

"முதலாவது பதிவு. செவ்வாய்க்கிழமை. கேபிள் கம்பனிக் கந்தோர். தேநீர், ஒரு கோப்பை. மறுக்கப்பட்டது. உடனிருந்தோர்: தலைவர், இரண்டாம் உறுப்பினர். இருவரும் தேநீர் அருந்தவில்லை. விஸ்கி அருந்தினார்கள்."

சிரிப்பு தொடர்ந்தது, ஆனால் வேறு திசையில்.

"நாளும் பொருளும் போதும்" என்றார் தலைவர்.

"சாட்சியமாக வாசிக்கப்படும் பதிவு எல்லாக் கட்டங்களோடும் வாசிக்கப்பட வேண்டும், ஐயா. விதி அப்படி."

"அந்த விதியை யார் எழுதியது?"

"பாராளுமன்றக் குழு, ஐயா. தட்டச்சுச் செய்தது நான்."

பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாவது பதிவு, மூன்றாவது பதிவு என்று போனேன். எட்டாவதில் கம்பனிக் காரில் வர மறுத்து ரயிலில் வந்ததும், காரில் வந்தவர்கள் யார் என்பதும் இருந்தன. பதினான்காவது, குதிரைப் பந்தயத் திடலில் கம்பனியின் தனி அறைக்கு ஓர் அழைப்புச் சீட்டு. அதைத் தபாலில் திருப்பி அனுப்ப நேரம் போதாததால் அவர் சனிக்கிழமை டிராமில் பந்தயத் திடலுக்கே போய், அந்த அறையின் வாசலில் நின்று சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பற்றுச்சீட்டும் கேட்டிருக்கிறார். உடனிருந்தோர்: தலைவர், தலைவரின் மனைவி, இரண்டாம் உறுப்பினர், அமைச்சரின் தற்போதைய செயலாளர். உண்ணப்பட்டவை: நண்டு.

"இவ்வளவு போதும். மீதியை வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாம்" என்றார் சட்டத்தரணி.

"நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு நான் பதினைந்தாவதைத் தொடங்கினேன். பாராளுமன்றக் குழுவின் எழுதுநர் ஒருவர் இப்படியான விசாரணைகளுக்கு வந்து வழக்கமாகத் தூங்குவார். அன்று அவர் முன்னால் சாய்ந்து, வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நான் நாற்பத்தொன்றையும் முடிக்க முப்பத்தைந்து நிமிடங்கள் எடுத்தன. உழுந்து வடை மூன்றையும் வாசித்தேன்.

வெளியே படிக்கட்டில் அவருக்காகக் காத்து நின்றேன். என்னவாவது சொல்வார் என்று எதிர்பார்த்தது என்னுடைய பிழை.

"பதினேழாவதில 'சீனி போடாத' எண்டதை விட்டிட்டீர், ஐசே" என்றார்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. தலைவரும் இரண்டாம் உறுப்பினரும் இந்த வழக்கில் இருந்து விலகிக்கொண்டார்கள். புதிய அமர்வு ஒன்று நியமிக்கப்பட்டது. அது சாப்பாட்டு விவகாரத்தையும் பார்த்தது. பரிசோதகர் ஒரு தரப்புக்கு விருந்தளித்தது உண்மை, ஆகவே அவர் இந்த வழக்கில் பங்குகொள்ளக் கூடாது என்று தீர்த்து, அவரைத் தண்ணீர் மீட்டர்ப் பிரிவுக்கு மாற்றியது. ஆனால் அறிக்கை சொல்வது உண்மையா பொய்யா என்பதைக் கம்பங்களே சொல்லட்டும், மலையடிவாரத்து வீதி ஒன்றில் எல்லாத் தரப்பினர் முன்னிலையிலும் சோதிப்போம் என்றும் முடிவு செய்தது. எல்லாம் நன்றாக இருந்தால் அன்றே அனுமதி.

"உங்களை எடுத்தது அநியாயம்" என்று அவரிடம் சொன்னேன்.

"அநியாயமில்லை. நான் சோறு போட்டது உண்மைதானே."

சோதனை நாளில் பதிவெழுத நான் போயிருந்தேன். மின்சாரத் தொழிலாளர் இருவர், கம்பனிப் பொறியியலாளர், தொடர்பாளர், புதிய அமர்வின் உறுப்பினர் ஒருவர். சரியான வெயில். வீதியின் எதிர்ப்பக்க நடைபாதையில் மண்ணிறத் தொப்பியோடு ஒருவர் நின்றார். அரை நாள் லீவு எடுத்து வந்திருக்கிறார். வீதியைக் கடந்து அவரிடம் போனேன்.

"அண்ணை, இஞ்சால வாங்கோ. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"எனக்கு இதில இப்ப வேலையில்லை. நடைபாதையில நிக்க ஆருக்கும் உரிமை இருக்கு. நீர் போய் உம்மட வேலையைப் பாரும்."

முதல் கம்பத்தைத் தட்டினார்கள். திண்மையான சத்தம். அடியில் மண்ணை விலக்கித் துளைத்தார்கள். வெள்ளை மரத்தூள் வந்தது. நல்ல கம்பம். இரண்டாவதும் நல்லது. மூன்றாவதும், நான்காவதும். தொடர்பாளர் பொறியியலாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவர் அசையவில்லை.

ஐந்தாவது கம்பம் ஒரு வீட்டின் முன்வளவோடு ஒட்டி நின்றது. வீட்டுக்காரி விறாந்தையில் இருந்து அந்தக் கம்பத்துக்குக் கொடி கட்டி, ஈரப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தாள். சுத்தியல் பட்டதும் பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. துளைகருவியை வைத்தவன் அழுத்தத் தேவையிருக்கவில்லை. அது தானாகவே பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கபில நிறத்தில் ஈரப் புட்டுமா போல உதிர்ந்தது. பொறியியலாளர் தன் கோப்பை மூடினார்.

கிட்டப்பார்வைக்காரருக்கு அங்கிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்ன நிறம்?"

"கபிலம்" என்று கத்தினேன்.

"ஈரமோ?"

"ஓம், ஈரம்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வீதியைக் கடந்து வந்தார். எங்களை நோக்கி வரவில்லை. என்னையும் அமர்வின் உறுப்பினரையும் தாண்டி, வீட்டின் படலையைத் திறந்து உள்ளே போய், விறாந்தையில் கட்டியிருந்த கொடியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"என்னுடைய துணியை என்ன செய்கிறீர்?"

"கம்பம் உக்கிப்போய்விட்டது, அம்மணி. துணியின் பாரமும் அதை இழுக்கிறது."

"நீர் மின்சாரத்தில் இருந்தா வருகிறீர்?"

"இல்லை. நான் லீவில் நிற்கிறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கம்பத்தடிக்குப் போய்த் தன் பக்க முடிச்சை அவிழ்த்தாள். அவர் ஒரு முனையையும் அவள் மறுமுனையையும் உயரப் பிடித்துக்கொண்டு, விரிப்புகள் நிலத்தில் படாமல், மெல்ல மெல்லப் பின்வளவுக்குக் கொண்டு போனார்கள்.

"யார் அந்த ஆள்?" என்று தொழிலாளி என்னைக் கேட்டான்.

"தண்ணீர் மீட்டர்ப் பிரிவு" என்றேன். அவன் துளைகருவியைத் துடைத்துக்கொண்டு ஆறாவது கம்பத்துக்குப் போனான்.